உறைவிடமும் உடனுண்ணலும்: திருச்சிராப்பள்ளி மாணவர் இருவரின் லண்டன் வாழ்வும் 1925ஆம் ஆண்டுத் தீர்மானமும்

ஆய்வுச் சுருக்கம்

வெளியூர் சென்று கற்ற மாணவர் எங்குத் தங்கினர், யாருடன் உண்டனர் என்னும் வினாக்கள் தமிழகக் கல்வி வரலாற்றில் ஓரமாகவே வைக்கப்பட்டுள்ளன. திருச்சிராப்பள்ளி வரகனேரியில் பிறந்த வ.வே.சு. ஐயரும் திருவரங்கத்தைச் சேர்ந்த டாக்டர் தி.சே.சௌ. ராஜனும் லண்டனில் மாணவராக இருந்தபோது வாழ்ந்த 'இந்தியா ஹவுஸ்' என்னும் மாணவர் இல்லத்தையும், ஐயர் பின்னர் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்தையும் இக்கட்டுரை அருகருகே வைத்துப் பார்க்கிறது. லண்டன் இல்லத்தின் பொதுப்பந்தி தேவையிலிருந்து பிறந்த வழக்கம். அது விதியாக வகுக்கப்பட்டதன்று. விதியாகாத அவ்வழக்கம் தாயகம் திரும்பியபோது உடன்வரவில்லை. அதனை விதியாக்க எழுந்த முயற்சியே 1925 ஏப்ரலில் திருச்சிராப்பள்ளியில் நிறைவேறிய தீர்மானம் என்பது இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: மாணவர் விடுதி, உடனுண்ணல், இந்தியா ஹவுஸ், வ.வே.சு. ஐயர், தி.சே.சௌ. ராஜன், சேரன்மாதேவி குருகுலம், திருச்சிராப்பள்ளி, திருவரங்கம்

முன்னுரை

கல்வி வரலாறு எழுதுவோர் பாடத்திட்டம், பயிற்றுமொழி, நிறுவனம், ஆசிரியர் ஆகியவற்றை விரிவாக ஆராய்கின்றனர். மாணவன் இரவில் படுத்துறங்கிய அறையும் அவனுக்குச் சோறிட்ட அடுக்களையும் பெரும்பாலும் அவ்வாய்வுகளுக்கு வெளியே நின்றுவிடுகின்றன. ஆனால் வெளியூர் செல்லும் மாணவனுக்கு முதலில் எழும் சிக்கல் பாடம் பற்றியதன்று; இடம் பற்றியது. அறை கிடைக்குமா, அங்கே தனக்கேற்ற உணவு கிடைக்குமா, யார் அருகில் அமர்ந்து உண்பது என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கண்ட பின்னரே அவன் வகுப்பறைக்குள் நுழைகிறான்.

தமிழகத்தில் உணவும் உறைவிடமும் கல்வியின் பகுதியாக இருந்ததற்குச் சோழர் காலக் கல்வெட்டுகளே சான்று. முதலாம் இராசேந்திரன் காலத்து எண்ணாயிரம் கல்வெட்டு, 340 மாணவர்க்கும் 14 ஆசிரியர்க்கும் உரிய ஏற்பாட்டை விவரிக்கிறது. இளநிலை மாணவர் 270 பேர். மேல்நிலை மாணவர் 70 பேர். இளநிலை மாணவர் ஒருவர்க்கு நாளொன்றுக்கு ஆறு நாழி நெல், மேல்நிலை மாணவர்க்கு ஒரு குறுணி இரண்டு நாழி நெல் என அளவு குறிக்கப்பட்டுள்ளது. படிப்பின் நிலைக்கேற்பப் படியளந்த இவ்வறக்கொடை, வேதம், இலக்கணம், மீமாம்சை, வேதாந்தம் ஆகியன கற்போர்க்கே உரியதாக இருந்தது. அதாவது, யாருக்கு உணவு என்னும் வினா அப்போதே யாருக்குக் கல்வி என்னும் வினாவோடு ஒன்றியிருந்தது. பிற்காலச் சத்திரங்களும் மடங்களும் இம்மரபையே பல வடிவங்களில் தொடர்ந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மாணவர் கடல் கடந்து செல்லத் தொடங்கியபோதுதான், சாதிவழி அமைந்த இவ்வுணவு ஏற்பாடு முதன்முறையாக முற்றிலும் கைவிட்டுப் போயிற்று.

1. லண்டனில் அறை தேடிய இந்திய மாணவர்

1888இல் லண்டன் சென்ற காந்தி, முதலில் விக்டோரியா ஹோட்டலில் இறங்கி, அதன் செலவைக் கண்டு திகைத்து, நண்பர் ஒருவரின் அறைக்கு மாறி, பின்னர் மேற்குக் கென்சிங்டனில் கைம்பெண் ஒருவரின் இல்லத்தில் பணம் கொடுத்துத் தங்குபவராகச் சேர்ந்தார். மரக்கறி உணவு கிடைக்காமல் அரைவயிற்றோடு திரிந்து, ஃபாரிங்டன் தெருவில் மரக்கறி உணவகம் ஒன்றைக் கண்டடைந்தமை அவர் தம் வரலாற்றில் விரித்துரைத்த செய்தி. 1893–94 அளவில் அவர் எழுதி வைத்த லண்டன் வழிகாட்டிக் கையேட்டில், வாரம் ஒரு பவுன் செலவில் உறைவிடமும் உணவும் சேர வாழ முடியும் என்று கணக்கிட்டுக் காட்டினார். பின்னே வரும் மாணவன் தன்னைப்போல் அலையலாகாது என்னும் கவலையே அக்கணக்கின் அடிப்படை.

1870இல் மேரி கார்ப்பெண்டர் பிரிஸ்டலில் தொடங்கிய தேசிய இந்தியக் கழகம், இந்திய மாணவரை ஆங்கிலக் குடும்பங்களோடு அறிமுகப்படுத்தும் பணியைச் செய்துவந்தது. எனினும் மாணவர் தொகை பெருகிய அளவிற்கு ஏற்பாடுகள் பெருகவில்லை. 1907ஆம் ஆண்டளவில் பிரிட்டனில் ஏறத்தாழ 700 இந்திய மாணவர் இருந்தனர். வாடகைக்கு அறைவிடுவோர் பலர் நிறம் கண்டு மறுத்தனர். மறுக்காதவர் இட்ட உணவு பலர்க்கு ஒவ்வாததாயிற்று. அறை, உணவு, தனிமை என்னும் மூன்று குறைகளும் சேர்ந்தே இந்தியர் தமக்கெனத் தனி இல்லம் ஒன்றை நாடும் நிலையை உருவாக்கின.

2. ஹைகேட் இல்லமும் காவிரிக்கரை மாணவரும்

சியாம்ஜி கிருஷ்ண வர்மா, வடக்கு லண்டனின் ஹைகேட் பகுதியில் 65, க்ராம்வெல் அவென்யூ என்னும் பெரிய வீட்டை வாங்கி இந்திய மாணவர் இல்லமாக்கினார். 1905 ஜூலை 1ஆம் நாள் ஆங்கிலப் பொதுவுடைமைவாதி ஹைண்ட்மன் அதனைத் திறந்துவைத்தார். தாதாபாய் நௌரோஜி, லாலா லஜபதி ராய் முதலியோர் கலந்துகொண்டனர். ஏறத்தாழ இருபத்தைந்து பேர் தங்கத்தக்க அவ்வில்லத்தில் நூலகம், படிப்பறை, சொற்பொழிவுக்கூடம் ஆகியன இருந்தன. இந்திய மாணவர்க்குப் பயண உதவித்தொகைகளையும் வர்மா நிறுவினார். அவற்றைப் பெறுவோர் ஆங்கில அரசின் பணியை ஏற்கக் கூடாது என்பது நிபந்தனை. உறைவிடமும் உதவித்தொகையும் தொடக்கத்திலிருந்தே அரசியலோடு பிணைந்திருந்தன என்பதை இது காட்டுகிறது. 1906 அக்டோபரில் தென்னாப்பிரிக்க இந்தியரின் தூதுவராக லண்டன் வந்த காந்தியும் முதல் இரு நாட்களை இவ்வில்லத்தில் கழித்துவிட்டே ஹோட்டல் சிசிலுக்கு மாறினார்.

வரகனேரி வேங்கடேச சுப்பிரமணிய ஐயர் 1881இல் பிறந்தவர். திருச்சிராப்பள்ளி புனித வளனார் கல்லூரியில் பயின்றவர். நாகப்பட்டினத்தில் 1844இல் தொடங்கப்பெற்று 1883இல் திருச்சிராப்பள்ளிக்கு இடம்பெயர்ந்த அக்கல்லூரி, சுற்றுவட்டார மாவட்டங்களிலிருந்து மாணவரை ஈர்த்த காலம் அது. உள்ளூரிலேயே வீடு இருந்த ஐயருக்கு விடுதி வாழ்வு தேவைப்படவில்லை. வழக்கறிஞராகத் திருச்சியில் தொழில் நடத்தி, ரங்கூன் சென்று, அங்கிருந்து 1907இல் பாரிஸ்டர் படிப்பிற்காக லண்டன் சென்று லிங்கன்ஸ் இன்னில் சேர்ந்தபோதுதான் அவர் முதன்முதலாகப் பிறர் பலரோடு ஒரே கூரையின்கீழ் மாணவராக வாழ நேர்ந்தது. திருவரங்கத்து வைணவக் குடும்பத்திலிருந்து மேல்நிலை மருத்துவப் படிப்பிற்காக லண்டன் சென்ற ராஜனும் அதே இல்லத்தில் இருந்தார்.

அவ்வில்லத்தின் வாழ்வை இருவரின் பிறப்புச் சூழலோடு ஒப்பிட்டால்தான் அதன் புதுமை விளங்கும். திருவரங்கத்தில் கோயிலைச் சுற்றிய மதில்களும் வீதிகளும் யார் எங்கே குடியிருப்பது என்பதை வகுத்து வைத்திருந்தன. வீட்டின் அடுக்களையோ அதனினும் கண்டிப்பானது. லண்டனில் மராட்டியர், பஞ்சாபியர், வங்காளியர், தமிழர் எனப் பலரும், பல சமயத்தாரும் சாதியாரும், ஒரே கூடத்தில் இந்திய உணவை உண்டனர். யாருக்கும் தனி அடுக்களை வைக்க இடமில்லை, பணமுமில்லை, வற்புறுத்தப் பெற்றோருமில்லை. ஐயர் கடைசிவரை மரக்கறி உணவினராகவே இருந்தார். என் உணவு இன்னது என்று வரையறுத்துக்கொள்வதற்கும், என் பந்தியில் இன்னார் அமரலாகாது என்று வரையறுப்பதற்கும் உள்ள வேறுபாடு அவ்வில்லத்தில் நடைமுறையிலேயே தெளிவாயிற்று.

ராஜன் நினைவுகூர்ந்த நிகழ்ச்சி ஒன்று இதற்குத் தக்க சான்று. 1909 அக்டோபர் 24ஆம் நாள் லண்டன்வாழ் இந்தியர் விஜயதசமி விருந்து நடத்தினர். காந்தி தலைமை தாங்க இசைந்தார். மரக்கறி உணவாக இருத்தல் வேண்டும், கட்சி அரசியல் பேசலாகாது என்பன அவர் நிபந்தனைகள். சமையற்பணியில் ராஜனும் நண்பர்களும் ஈடுபட்டிருந்தபோது மெலிந்த ஒருவர் வந்து காய்கறி நறுக்குதல், பாத்திரம் துலக்குதல் போன்ற பணிகளில் சேர்ந்துகொண்டார். பின்னர் ஐயர் வந்து அடையாளம் காட்டியபோதுதான் அவர் அன்றைய தலைவர் காந்தி என்பது மற்றவர்க்குத் தெரிந்தது. காந்தியின் எளிமைக்குச் சான்றாகவே இந்நிகழ்ச்சி எடுத்துரைக்கப்பட்டு வருகிறது. உறைவிட வரலாற்றின் நோக்கில் இதில் வேறொரு செய்தியும் உண்டு: அடுக்களைக்குள் வந்த அயலார் யார், எவர் என்று வினவாமலேயே சமைத்தவர்கள் அவரைப் பணியில் சேர்த்துக்கொண்டனர். திருவரங்கத்து வீடொன்றில் அன்று நடந்திருக்க முடியாத செயல் இது.

3. விடுதியும் அரசின் கண்ணும்

இந்தியா ஹவுஸ் மாணவர்க்குப் புகலிடமாக இருந்ததைப்போலவே அரசுக்கு ஐயத்திற்குரிய இடமாகவும் இருந்தது. வர்மா 1907இல் பாரிஸுக்குச் சென்ற பின் இல்லத்தின் பொறுப்பு சாவர்க்கரிடம் வந்தது. மாணவர் என்ற பெயரில் ஒற்றர் ஒருவர் அங்கே தங்கியிருந்ததும், ஐயர் முதலியோர் அதனைக் கண்டுபிடித்ததும் அவ்வில்லத்தின் வரலாற்றில் இடம்பெற்ற செய்தி. அறையைப் பகிர்ந்துகொள்வோர்க்கு இடையே இருக்க வேண்டிய நம்பிக்கை இங்ஙனம் முதல் இழப்பாயிற்று.

1907இல் இந்தியா அமைச்சர் மார்லி, இந்திய மாணவரின் நிலையை ஆராய லீ-வார்னர் குழுவை அமைத்தார். அக்குழுவில் உறுப்பினராக இருந்தவர் கர்சன் வைலி. 1909 ஜூலை 1ஆம் நாள், இந்தியா ஹவுஸ் திறக்கப்பெற்று நான்காண்டு நிறைந்த அன்றே, மதன்லால் திங்கரா அவரைச் சுட்டுக்கொன்றார். அதன்பின் அவ்வில்லம் மூடப்பட்டது. அங்கு இருந்தோர்க்கு வேறிடத்தில் வாடகை அறை கிடைப்பதும் அரிதாயிற்று. சாவர்க்கர் 1910 மார்ச்சில் கைது செய்யப்பட்டார்; ஐயர் பாரிஸ் வழியாகத் தப்பி அவ்வாண்டின் இறுதிக்குள் புதுச்சேரியை அடைந்தார். பாரிஸ்டர் பட்டத்திற்குரிய படிப்பை முடித்தும், முடியரசுக்கு விசுவாச உறுதிமொழி கூற மறுத்ததால் அவர் பட்டம் பெறவில்லை.

லீ-வார்னர் குழுவின் அறிக்கை உடனே வெளியிடப்படவில்லை. 1922இல் லிட்டன் குழு அறிக்கையின் பிற்சேர்க்கையாகவே அச்சேறியது. ஆயினும் அதன் விளைவு 1909இலேயே தெரிந்தது. இந்திய மாணவர்க்கான தகவல் அலுவலகம் ஒன்றை அரசு அமைத்து, டி.டபிள்யூ. ஆர்னால்டை அதன் கல்வி ஆலோசகராக்கியது. அடுத்த ஆண்டில் தெற்குக் கென்சிங்டனில் 21, க்ராம்வெல் ரோடு என்னும் முகவரியில் அவ்வலுவலகமும், தேசிய இந்தியக் கழகமும், புதிதாக வரும் மாணவர் சில நாள் தங்கும் அறைகளும் ஒரே கட்டடத்தில் இயங்கின. ஹைகேட்டின் க்ராம்வெல் அவென்யூவும் தென்கென்சிங்டனின் க்ராம்வெல் ரோடும் பெயரால் ஒத்தவை. நோக்கத்தால் எதிரெதிர் நின்றவை. முன்னது மாணவர் தாமே நடத்தியது. பின்னது மாணவரை நடத்த அரசு வகுத்தது. உதவியும் கண்காணிப்பும் அங்கே ஒரே கையிலிருந்து வந்தன.

1914 ஏப்ரலில் லண்டன் வந்திறங்கிய கணிதமேதை இராமானுசன் முதலில் அழைத்துச் செல்லப்பட்டது இந்த 21, க்ராம்வெல் ரோட்டிற்கே. பின்னர் கேம்பிரிட்ஜில் நெவிலின் இல்லத்திலும், அடுத்து டிரினிட்டி கல்லூரியின் ஹ்யூவெல்ஸ் கோர்ட் அறையிலும் தங்கிய அவர், தம் உணவைத் தாமே சமைத்துண்டார். கல்லூரிப் பொதுக்கூடத்தின் பந்தியிலிருந்து விலகி நின்ற அவ்வாழ்வு, ஐயரும் ராஜனும் வாழ்ந்த கூட்டு வாழ்வுக்கு நேர்மாறானது. ஏறத்தாழ ஐந்தாண்டு இடைவெளியில், ஒரே காவிரிப் படுகையிலிருந்து சென்றோர்க்கு உறைவிடத்தின் அமைப்பே இருவேறு வாழ்க்கைகளைத் தந்தது.

4. சேரன்மாதேவி: விருந்தினர் விருந்தோம்புநர் ஆனபோது

1920இல் புதுச்சேரியிலிருந்து வெளிவந்த ஐயர், 1922இல் திருநெல்வேலி மாவட்டத்தில் தமிழ்க் குருகுலத்தைத் தொடங்கிச் சேரன்மாதேவியில் நிலைபெறச் செய்தார். தாய்மொழிவழிக் கல்வி, கைத்தொழில், நாட்டுப்பற்று ஆகியவற்றை இணைத்த உண்டுறைப் பள்ளி அது. தமிழ்நாடு காங்கிரஸ் பத்தாயிரம் ரூபாய் தர இசைந்து, ஐயாயிரம் ரூபாயை வழங்கியது. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் அங்கே பயின்றனர். ஆனால் பிராமணப் பிள்ளைகள் இருவர்க்குத் தனியே உணவிட வேண்டும் என அவர்தம் பெற்றோர் கேட்டிருந்தனர்; ஐயர் அதற்கு வாக்களித்திருந்தார்.

இச்செய்தி வெளியே பரவியதும் 1925இன் முற்பகுதியில் பெரும் கிளர்ச்சி மூண்டது. பொதுப்பணத்தில் நடக்கும் தேசியப் பள்ளியில் பிறப்பால் பந்தி பிரிக்கலாகாது என்று டாக்டர் வரதராஜுலு நாயுடு தம் 'தமிழ்நாடு' இதழில் எழுதினார், பெரியார் ஈ.வெ. ராமசாமியும் வலிமையாக வாதிட்டார். அவ்வாண்டு மார்ச்சில் தமிழகம் வந்த காந்தி, இருவர்க்கு அளித்த வாக்கைக் காக்கலாம் என்றும், இனி அத்தகைய நிபந்தனையோடு யாரையும் சேர்த்தலாகாது என்றும் இடைவழி கூறினார். இரு தரப்பையும் அது அமைதிப்படுத்தவில்லை.

லண்டனில் எல்லாரோடும் உண்டவர் சேரன்மாதேவியில் ஏன் இணங்கினார் என்னும் வினாவிற்கு, தனிமனிதரின் முரண்பாடு என்று விடை கூறுவது எளிது. ஐயரின் தனிப்பட்ட நடத்தையில் தீண்டாமை இல்லை என்று அவரை ஆதரித்தோர் வாதிட்டனர். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் சிக்கல் அங்கே இல்லை. லண்டனில் அவர் அறை தேடி வந்த மாணவர். சேரன்மாதேவியில் இல்லத்தை நடத்துபவர். பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர்க்கும் நன்கொடையாளர்க்கும் விடைகூற வேண்டியவர். ஹைகேட்டில் பெற்றோர் ஆறாயிரம் மைலுக்கு அப்பால் இருந்தனர். சேரன்மாதேவியில் வாயிலில் நின்றனர். ஹைகேட்டின் பொதுப்பந்தி, வேறு வழியின்மையால் விளைந்தது. அதனை ஒரு கொள்கையாக எழுதிவைக்க அங்கே எவர்க்கும் தேவை எழவில்லை. ஆகவே ஊர் திரும்பியபோது அவரிடம் அதன் நினைவு இருந்தது; விதி இல்லை. இரு பிள்ளைகளின் பெற்றோர் கேட்டபோது, மறுப்பதற்குச் சுட்டிக்காட்ட எதுவும் அவர் கையில் இருக்கவில்லை.

5. திருச்சிராப்பள்ளித் தீர்மானம்

1925 ஏப்ரல் இறுதியில் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி திருச்சிராப்பள்ளியில் கூடியது. தேசிய இயக்கத்தில் பங்குகொள்ளும் எந்த அமைப்பும் பிறப்பின் அடிப்படையில் உயர்வு தாழ்வு பாராட்டலாகாது என்னும் கருத்துடைய தீர்மானத்தை எஸ். ராமநாதன் கொண்டுவந்தார், அது நிறைவேறியது. அதனை ஏற்க இயலாமல் ராஜாஜி உள்ளிட்ட சிலர் செயற்குழுவிலிருந்து விலகினர். விலகியோருள் டாக்டர் ராஜனும் ஒருவர்.

உடனுண்ணல் மனம் இசைந்து வர வேண்டுமேயன்றிக் கட்டாயத்தால் வரலாகாது என்பது விலகியோர் தரப்பின் வாதம். லண்டன் அனுபவத்தைக் கொண்டு பார்த்தால் ராஜனின் நிலைப்பாடு புரியாத ஒன்றன்று. அவர் கண்ட பொதுப்பந்தி யாரும் கட்டளையிடாமல் தானே நிகழ்ந்தது. தாயகத்திலும் அங்ஙனமே நிகழும் என அவர் எதிர்பார்த்திருக்கலாம். ஆனால் பந்தியிலிருந்து ஒதுக்கப்பட்ட பிள்ளைக்கு அக்காத்திருத்தலின் விலை வேறு. சூழல் தந்த சமத்துவத்தைச் சூழல் மாறும்போது இழக்க நேரும். எழுதப்பட்ட விதியையே மெலிந்தவர் சுட்டிக்காட்டிக் கேட்க முடியும். ராமநாதனின் தீர்மானம் தமிழகத்து விடுதி வரலாற்றில் பெறும் இடம் இதுவே.

ஐயர் குருகுலப் பொறுப்பிலிருந்து விலகினார். 1925 ஜூன் தொடக்கத்தில் பாபநாசம் அருவியில் தவறி விழுந்த மகள் சுபத்திராவைக் காக்க முயன்று தாமும் உயிரிழந்தார். பெரியார் அவ்வாண்டு நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டிலிருந்து வெளியேறிக் காங்கிரஸைத் துறந்தார். அதற்கு வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானம் உடனடிக் காரணம், குருகுலப் போராட்டம் முன்காரணங்களுள் ஒன்று.

ராஜனின் வாழ்வில் உறைவிடம் மீண்டும் ஒருமுறை வரலாற்றுப் பொருளாயிற்று. 1930 ஏப்ரல் 13ஆம் நாள் வேதாரணியம் உப்புச் சத்தியாக்கிரகப் பயணம் திருச்சிராப்பள்ளியில் அவரது இல்லத்திலிருந்தே புறப்பட்டது. தொண்டர்க்கு இடமும் உணவும் அளிப்போர் தண்டிக்கப்படுவர் எனத் தஞ்சை மாவட்ட ஆட்சியர் தார்ன் அறிவித்தார். தங்க இடம் தருவதும் சோறிடுவதும் குற்றமென அரசு கருதியபோது, அவை எத்தகைய அரசியல் செயல்கள் என்பதை அரசே ஒப்புக்கொண்டதாயிற்று.

முடிவுரை

1950இல் இராமேசுவரத்திலிருந்து புனித வளனார் கல்லூரிக்கு வந்து விடுதியில் சேர்ந்த ஆ.ப.ஜெ. அப்துல் கலாம், தம் அறையைத் திருவரங்கத்து வைதிக ஐயங்கார் மாணவர் ஒருவரோடும், கேரளச் சிரியன் கிறித்தவர் ஒருவரோடும் பகிர்ந்துகொண்டதைத் தம் வரலாற்றில் குறித்துள்ளார். மூன்றாம் ஆண்டில் அவரே மரக்கறி உணவுக்கூடத்தின் செயலராகவும் இருந்தார். உணவில் வேறுபாடு இருந்தது. அறையில் பிரிவு இல்லை. ஹைகேட்டில் தற்செயலாக நேர்ந்தது, நாற்பதாண்டுக்குப் பின் திருச்சிராப்பள்ளியிலேயே விடுதி நிருவாகத்தின் ஒழுங்காக நின்றது. கோட்டைப் பகுதிக் கல்லூரி விடுதிக்கும் திருவரங்கத்து மதிலுக்கும் இடையே காவிரி மட்டுமே உண்டு. கலாமின் அறைத்தோழர் கடந்த தொலைவு லண்டன் பயணத்தைவிடக் குறைந்ததன்று.

கல்லூரி விடுதிக்கு வெளியே இவ்வொழுங்கு இன்னும் எட்டவில்லை. ஆய்வின்பொருட்டுச் சில திங்கள் திருவரங்கத்தில் தங்க அறை தேடியபோது, வாடகைத் தொகைக்கு முன்பாகவே இக்கட்டுரையாளரிடம் கேட்கப்பட்டவை ஊர், உணவு, 'எந்த ஆட்கள்' என்பன. மூன்றாம் வினாவிற்கு விடை கூறிய பின் அறை காலியில்லை என்னும் மறுமொழி சில வீடுகளில் கிடைத்தது. இது தனியொருவரின் குறையன்று. விடுமுறைக்கால ஆய்வுக்கும் குறுகியகாலப் படிப்புக்கும் வரும் வெளியூர், வெளிநாட்டு மாணவர் பலரும் அறிந்த நடைமுறை. என்ன உண்பீர் என்று கேட்பது அடுக்களை பற்றிய வினா. நீர் யார் என்று கேட்பது பந்தி பற்றிய வினா. 1925இல் திருச்சிராப்பள்ளியில் பிரித்தறியப்பட்ட இவ்விரு வினாக்களும் வாடகை வீட்டின் வாயிலில் இன்றும் ஒன்றாகவே கேட்கப்படுகின்றன.

கல்வி நிறுவனங்கள் மாணவரைச் சேர்த்துக்கொள்ளும்போதே அவர்க்கு உறைவிடத்தையும் உறுதிசெய்தல் வேண்டும் என்பது இவ்வரலாறு தரும் நேரிய முடிவு. மாணவரை வாடகைச் சந்தையில் விட்டுவிட்டு இணக்கம் தானே வரும் என்று காத்திருந்தால் அவர்களுள் சிலர்க்கு அறை கிடைக்காது; அந்தச் சிலர் யாவர் என்பதும் முன்கூட்டியே தெரிந்ததே.